கதவு வைத்த படகு

இரண்டாவது உலகச் சண்டை முடிந்து ஊர் திரும்பிய என் வீட்டுக்காரர், தான் கப்பல் படையில் இருந்ததாகச் சொன்னார். கப்பலில் எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்று கேட்டேன். பர்மாவுக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, அதுவும் மூட்டையோடு மூட்டையாகக் கிடந்தேன் என்றார். மற்ற நாளெல்லாம்? "படகுல" என்றார். எனக்கு அங்கேயே பொறி தட்டியது. கப்பல் படை ஆள், ஆனால் கப்பலில் இல்லையாம். இந்தக் கதையை வேறு எவளிடமாவது போய்ச் சொல்லட்டும்.

நான் சந்தேகக்காரி. அதை மறைப்பானேன். சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுவேன். பால்காரி செம்பை வைத்தால் விரலை விட்டுப் பார்ப்பேன். "இவ ஆத்தா வயித்துல இருந்து வரும்போதே, இது நம்ம வீடுதானான்னு விசாரிச்சுட்டுத்தான் வெளிய வந்திருப்பா" என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். இவள் ஏமாந்துபோனாள் என்று யாரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை.

எங்கள் ஊர் முல்லையாற்றின் இக்கரையில் இருக்கிறது. வயல்களில் பாதி அக்கரையில், மார்க்கையன்கோட்டைப் பக்கம். மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டால் எங்கள் ஆற்றில் ஆள் இறங்க முடியாது. அப்புறம் பரிசல்தான் வழி. பரிசல் போடுவது என் வீட்டுக்காரர் குடும்பத்தின் பாத்தியதை. அக்கரையில் படகுத்துறை என்று ஒன்றும் கிடையாது. முழங்கால் வரை உள்வாங்கும் உளையில் இறங்கி, நாணலைப் பிடித்து மேடேற வேண்டும். அதனால் ஒரு வழக்கம் உண்டு. இறங்கியவர் மேட்டில் ஏறி நின்று, திரும்பி, "ஏறியாச்சேய்!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் காதில் விழும்வரை பரிசல்காரர் துடுப்பைத் தொடமாட்டார். குரல் வரவில்லை என்றால் ஆள் கரை சேரவில்லை என்று அர்த்தம். இறங்கித் தேட வேண்டும். பச்சைப் பிள்ளைகூட எங்கள் ஊரில் இதைச் சொல்லும்.

மழை பொய்த்து, கஞ்சிக்கே இழுபறியான ஒரு வருஷம், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தேனிக்குப் புறப்பட்டார்கள், என் வீட்டுக்காரரும் என் தம்பியும். இருவரும் அத்தை மகனும் மாமன் மகனும். அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். அங்கே இருந்த அதிகாரி, தண்ணீரில் பழக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறார். படகு ஓட்டுவேன் என்று இவர் வாய் கூசாமல் சொல்லிவிட்டார். கடலைப் படத்தில்கூடப் பார்க்காத மனிதர்! பரிசலும் படகுதானே என்று நினைத்துச் சொன்னாராம். அதற்கே கப்பல் படையில் எழுதிவிட்டார்கள். என் தம்பியைக் கேட்டதற்கு, "எனக்குத் தண்ணி ஆகாதுங்க, தரையிலயே விட்டுருங்க" என்றிருக்கிறான். அவனைத் தரைப்பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அவனுக்கு அப்போது கல்யாணம் முடிந்து ஒரு பொங்கல்கூடத் தாண்டவில்லை. அவன் பெண்டாட்டியை எங்கள் ஆத்தா வீட்டில் விட்டுவிட்டுப் போனான்.

சண்டை முடியப்போகிற சமயத்தில், பர்மாவில் என் தம்பியைக் காணவில்லை என்று சர்க்காரிலிருந்து தபால் வந்தது. செத்தான் என்றும் இல்லை, பிழைத்தான் என்றும் இல்லை. காணவில்லை, அவ்வளவுதான். ஆடு மாடா காணாமல் போவதற்கு? ஆத்தா அந்தத் தபாலை அடுப்பில் போட்டுவிட்டாள். என் மகன் வருவான் என்றாள். அந்தப் பெண்ணும் பூவும் பொட்டும் தாலியுமாக, எதிலும் சேராமல், எங்கள் வீட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயசு.

இந்த நிலைமையில்தான் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார்.

வந்த மறுநாளே எங்கள் ஊர்ப் பழைய பட்டாளத்துக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் உலகச் சண்டையில் பசராவுக்குப் போய் வந்தவர். எங்களுக்குச் சித்தப்பா முறை. மீசையைக் கீழே விடாத மனிதர். கட்டிலில் உட்கார்ந்து கோர்ட்டுக் கச்சேரி விசாரணை மாதிரி ஆரம்பித்தார்.

"ஏலே, கப்பப் படைன்னா வெள்ளைச் சட்டையில்ல போடணும்? நீ என்ன காக்கியில வந்து எறங்கியிருக்க?"

"எங்களுக்குக் காக்கிதான் சித்தப்பா."

"அப்ப நீ பட்டாளம்."

"இல்ல. கப்பப் படை. ஆனா படகு."

"என்ன படகு?"

"நீளமா, தட்டையா இருக்கும். உள்ள பட்டாளத்தை நிப்பாட்டி வச்சிருப்போம். முன்னாடி கதவு இருக்கும். கரையில முட்டுனதும் கதவைச் சாச்சு விடுவோம். அதுமேலயே நடந்து எறங்குவாக."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். "படகுக்கு முன்னாடி கதவு. அத நடு ஆத்துல எவனாச்சும் தொறந்தா?" என்றார்.

"முங்கிரும்."

"அப்ப எந்தக் கிறுக்கன்லே அதுல கதவு வச்சான்!"

விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டேன். இந்த ஆள் பட்டாளத்திலும் இல்லாமல், கப்பலிலும் இல்லாமல், இந்த மூன்று வருஷம் எங்கே இருந்தார்? ஓடிப்போய் எங்காவது ஒளிந்திருந்தாரா? பம்பாயில் யாரையாவது வைத்துக்கொண்டிருந்தாரா? அப்படி இருந்தால் அவள் எப்படி இருப்பாள் என்பது வரைக்கும் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

அவர் ஆற்றுக்குப் போன நேரம் பார்த்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சேலை கீலை ஒன்றும் இல்லை. அடியில் ஒரு துணி வில்லை கிடந்தது. சட்டைத் தோளில் தைத்துப் பிரித்த ஓட்டைகள் அதில் இருந்தன. ஒரு நங்கூரம், ஒரு துப்பாக்கி, மேலே சிறகை விரித்த ஒரு கழுகு, மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து. அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"நங்கூரம் கப்பக்காரனுக்கு. துப்பாக்கி பட்டாளத்துக்கு. இந்தப் பருந்து ஏரோப்ளேன்காரனுக்கு. மூணையும் எவனாச்சும் ஒரே ஆளுக்குக் குடுப்பானா? பம்பாய்ச் சந்தையில தச்சு வாங்கியிருக்கான் ஒம் புருசன்" என்றார்.

அன்று சாயங்காலம் வில்லையை அவர் முன்னால் போட்டேன். இது என்ன என்று கேட்டேன். பெட்டியை ஏன் திறந்தாய் என்று கேட்பார், சண்டைக்கு நிற்கலாம் என்று தயாராகத்தான் இருந்தேன். அவர் அதை எடுத்துத் தொடையில் வைத்து நீவினார். எதைக் கேட்டாலும் மென்று முழுங்குகிறவர் அன்றைக்கு மட்டும் நிறையப் பேசினார். அதனாலேயே எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"ஆரம்பத்துல எங்களுக்கே வெக்கமா இருந்துச்சு. பெரிய கப்பல்ல இருந்தவக எங்களைச் சாப்பாட்டு வரிசையில பின்னால தள்ளுவாக. இவனுக ஓடம் தள்ளுறவனுகம்பாக. பட்டாளத்தாளுக தவளைன்னு கூப்புடுவாக. நாங்க யாருன்னு எங்களுக்கே வெளங்கல. கப்பக்காரனுக்குக் கப்பல் வீடு மாதிரி. பட்டாளத்தான் முன்னாடி போறதைப் பெருமையாச் சொல்வான். எங்களுக்கு ரெண்டும் இல்ல. கரைக்குப் போவோம், ஆனா கரையில கால வைக்க மாட்டோம். கடல்ல இருப்போம், ஆனா கடல் எங்க எடம் இல்ல. தண்ணியும் தரையும் ஒட்டுற அந்த ஒரு முழம் இருக்கு பாரு, அதான் எங்க எடம். அங்கன குண்டு விழுகும். அங்கன போய் நின்னு கதவைச் சாச்சு, ஆளை எறக்கிட்டு, திரும்பிரணும். ரெண்டு மூணு கரை பாத்தப்புறம் அதே பட்டாளத்தாளுக எங்களைக் கண்டா வெத்தல மடிச்சுக் குடுத்தாக. அதுக்கப்புறந்தான், மூணு படையும் சேந்து கரையெறங்குற எங்க சோலிக்குன்னு குடுத்த இந்த வில்லையைத் தோள்ல தச்சுக்கிட்டுக் கடைவீதிக்கே போவோம். எங்கள மாதிரி ஒரு படை ஒலகத்துல இல்லைன்னு ஒரு திமிரு வந்துருச்சு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கும் கதையைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்தது. பரிசலை எடுத்தார். முதல் நாளே ஊரில் பேச்சுக் கிளம்பிவிட்டது. பரிசலுக்குள் ஒரு பெரிய கருங்கல்லும் நீளமான தும்புக் கயிறும் வைத்திருந்தார். பாதி ஆறு தாண்டியதும் கல்லைக் கயிற்றோடு தண்ணீரில் இறக்கிவிடுவார். கயிற்றை விட்டுக்கொண்டே போய்க் கரையில் முட்டுவார். ஆட்கள் இறங்கியதும், துடுப்பைக்கூடத் தொடாமல், கயிற்றைப் பிடித்து விறுவிறுவென்று இழுத்துப் பின்னாலேயே வந்துவிடுவார். வெள்ளத்தில் பரிசல் சுழலாமல், இழுபடாமல் வரும். வேலை சுத்தம்தான். ஆனால் "ஏறியாச்சேய்" கேட்கும்வரை நிற்பதில்லை. இறங்கியவர்கள் மேடேறித் திரும்பிப் பார்த்தால், இவர் முதுகைக் காட்டிக்கொண்டு நடு ஆற்றில் இருப்பார்.

"எம் மகளை உளையில விட்டுட்டு ஓடிட்டாரு ஒம் புருசன்" என்று ஒருத்தி வாசலில் வந்து கத்தினாள். அவள் மகள் நாற்றுக் கட்டோடு சறுக்கி இடுப்பளவு சேற்றில் விழுந்திருந்தாள். சுற்றி ஆள் இருந்ததால் தூக்கிவிட்டார்கள். பரிசல்காரக் குடும்பத்துக்கு இப்படி ஒரு கெட்ட பெயர் அதற்கு முன் வந்ததில்லை. கயிற்றைக் கட்டிக்கொண்டு ஓடப் பார்க்கிறவன் என்று ஊரார் பேசினார்கள். எதற்கு ஓட வேண்டும்? எவனைக் கண்டு? எங்கே ஓடிப் பழகினான்? என் காதுபடவே கேட்டார்கள். நான் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டேன். வீட்டுக்கு வந்ததும் அதே கேள்விகளை இவரிடம் கேட்டேன்.

"குரலுக்கு நின்னா என்ன, தலையில கிரீடம் விழுந்துருமா?"

"பழக்கம் மாறிப்போச்சு" என்றார்.

இதையெல்லாம்விடப் பெரிய சந்தேகம் ஒன்று எனக்கு இருந்தது. வந்த நாளிலிருந்து அவர் என் ஆத்தா வீட்டில் கை நனைக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீடு. மாப்பிள்ளை, அதுவும் சொந்த மருமகன், சின்ன வயசில் பாதிச் சோறு அந்த வீட்டில்தான் தின்றவர். கோழி அடித்துக் கூப்பிட்டாள் ஆத்தா. வயிறு சரியில்லை என்றார். பணியாரம் கொடுத்து அனுப்பினாள். தட்டு அப்படியே இருந்தது. என் தம்பி பெண்டாட்டி எதிரில் வந்தால் "என்னம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த சந்தில் திரும்பிவிடுவார். கூடவே புறப்பட்டுப் போனவனைப் பற்றி ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து வரவில்லை. இந்த மனிதருக்கு ஏதோ தெரியும் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஆடியில் கடமலைக்குண்டிலிருந்து அந்தப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் அறுத்துக் கட்டுவது, அதாவது பழைய தாலியை எடுத்துவிட்டு மறு தாலி கட்டுவது, உண்டு. ஒரு நல்ல இடம் இருக்கிறது, பெண்டாட்டி இறந்துபோன ஆள், காணி நிலம் வைத்திருக்கிறான், இவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கிறான் என்றார்கள். ஆனால் கருமாதி செய்யாமல் எப்படி? இறந்தான் என்று ஒரு வார்த்தை ஆத்தா சொல்ல வேண்டும்.

"எம் மகள வச்சு எத்தனை காலம் விளக்கெரிப்பீக? ஒரு சொல்லு சொல்லுங்க மதினி" என்று அந்த அம்மா அழுதது.

"எம் மகன் உசுரோட இருக்கையில நானே அவனுக்குக் கொள்ளி வைக்கவா?" என்றாள் ஆத்தா. "போயிட்டு வாங்க."

அந்தப் பெண் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு நான் அவளிடம், உனக்கு என்ன தோணுது என்று கேட்டேன். அவள் குனிந்தபடியே, "எனக்கு ஒண்ணும் தோணல மதினி. இருக்காகளா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும். இருந்தா எத்தன வருசமும் இருப்பேன். இல்லாத ஆளுக்கு எப்படி இருக்கிறது?" என்றாள். என் தம்பி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இந்தப் பிள்ளையை இப்படி அந்தரத்தில் தொங்கவிடுவது அநியாயம் என்று எனக்குப் பட்டது. அன்று ஆத்தாவிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். உன் மாப்பிள்ளைக்கு ஏதோ தெரியும், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார் என்றேன்.

மறுநாள் காலையில் ஆத்தா, அக்கரை வயலுக்குப் போகலாம் என்று என்னையும் தம்பி பெண்டாட்டியையும் கிளப்பிக்கொண்டு ஆற்றுக்கு வந்தாள். நல்ல வெயில். எங்களைத் தவிர பரிசலில் யாரும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் மாமியாரை ஏற்றமாட்டேன் என்று சொல்ல முடியுமா? துடுப்புப் போட்டார். நடு ஆற்றில் கல்லை இறக்கினார். கயிறு ஓடத் தொடங்கியதும் ஆத்தா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். பரிசல் நின்ற இடத்திலேயே ஆடியது.

"கயித்த விடுங்க அத்தை, கை உரிஞ்சிரும்."

"உரியட்டும். பதிலைச் சொல்லிட்டு இழுங்க மாப்ள. எம் மகனை எங்க விட்டீக?"

அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் பரிசலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. எங்கும் போக முடியாது. நான் குறுக்கே பேசவில்லை. பேசாமல் இருந்தது எனக்கே ஆச்சரியம்தான்.

"பர்மாவுல, அரக்கான் கரையில ஒரு எடம்" என்று ஆரம்பித்தார். "மணல் இல்ல. பூராவும் உளை. நம்ம அக்கரை மாதிரி, ஆனா நெஞ்சு வரைக்கும். அவன் பட்டாளம் அன்னிக்கு அங்கன எறங்குச்சு. எறக்குனது எங்க படகுக. இது எனக்கு அப்புறந்தான் தெரியும் அத்தை. எறக்குறப்பத் தெரியாது."

"ஒங்க படகுலயா வந்தான்?"

"தெரியாது."

"அவன் மூஞ்சி ஒங்களுக்குத் தெரியாதா?"

"நான் படகுக்குப் பின்னால நிப்பேன். கரைக்குக் கொஞ்சம் முன்னாடியே பின்பக்கமா நங்கூரத்தைப் போடணும், அந்தக் கயிறு என் பொறுப்பு. ஆள் எறங்குனதும் அதைப் பிடிச்சுத்தான் படகு பின்னால வரும். கயிறு சிக்குனா அம்புட்டு பேரும் கரையிலயே மாட்டிக்குவோம், பின்னால வர்ற படகுக்கும் எடம் இல்லாமப் போயிரும். அதனால கண்ணு கயித்துலயே இருக்கணும். எறங்குனவன் என்ன ஆனான்னு பாக்கக் கூடாது. விழுந்தவனைத் தூக்கக் கூடாது. அதைத்தான் மாசக்கணக்கா எங்களுக்குப் படிச்சுக் குடுத்தாக. நான் கரையைப் பாத்துக்கிட்டு நின்னதுக்கு முதல் மாசத்துல அடிகூட வாங்கியிருக்கேன். ஒரு கரையில ஒரு தடவை நின்னு பாத்தா அடுத்த கரைக்கு நம்ம படை இருக்காதுன்னாக. நான் பாத்ததெல்லாம் இரும்புத் தொப்பிகளைத்தான். பின்னாலருந்து பாத்தா எல்லாத் தொப்பியும் ஒண்ணுதான். அவன் அதுல இருந்தானா, இல்லையா, சத்தியமா எனக்குத் தெரியாது அத்தை. அதை எப்படி ஒங்க மூஞ்சியப் பாத்துச் சொல்றது? நானே எறக்கிவிட்டிருந்தாலும் எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

மனுஷன் நான்கு மாதமாக ஆத்தா வீட்டுச் சோறு இறங்காமல் திரிந்தது இதற்குத்தானா என்று எனக்குப் பட்டது. ஆத்தா விடவில்லை.

"நீங்க பரிசக்காரக் குடும்பத்துல பொறந்தவுக. எவன் என்ன படிச்சுக் குடுத்தாலும் காது மறக்காது. கண்ணுதான பாக்கக் கூடாதுன்னாக? எம் மகன் கரையேறியிருந்தா சும்மா போயிருக்க மாட்டான், குரல் குடுத்திருப்பான். அங்கன குரல்..."

"வரல அத்தை" என்றார். "எந்தக் குரலும் வரல."

ஆத்தா கயிற்றை விட்டுவிட்டாள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. அவள் அழவில்லை. மருமகள் பக்கம் திரும்பி, "ஒங்க அப்பனுக்குச் சொல்லி விடு தாயி. வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்றாள். அந்தப் பெண் ஆத்தா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பரிசலைத் திருப்புங்கள் என்று நான்தான் சொன்னேன். வயலுக்கு யார் போகிறார்கள்.

ஆடி கழியக் காத்திருந்து, தம்பியின் வேட்டி ஒன்றை வைத்து ஆற்றங்கரையில் கருமாதி செய்தோம். மச்சினன் முறைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் என் வீட்டுக்காரர்தான் செய்தார். அன்றைக்கு என் ஆத்தா வீட்டில் சாப்பிட்டார். ஊரார் அதைப் பார்த்தார்கள். பழைய பட்டாளத்துக்காரச் சித்தப்பாகூட, "கதவு வச்ச படகு இருந்தாலும் இருக்கும்லே" என்று அவர் தோளில் தட்டினார்.

எல்லாருக்கும் மனசு ஆறியது. எனக்கு ஆறவில்லை. மற்ற எல்லாக் கேள்விக்கும் நின்று, நிதானித்து, எச்சில் முழுங்கிப் பதில் சொன்னவர், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஆத்தா கேட்டு முடிக்கும் முன்பே பட்டென்று பதில் சொன்னார். நெடுநாளாகத் தயாராக வைத்திருந்த பதில் அப்படித்தான் வரும். மறுநாள் பகலில் அவர் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்றேன்.

"மச்சான், குரல் வரலைன்னு சொன்னது நெசமா?"

தார்க் குச்சியைக் கீழே வைத்தார். என்னிடமிருந்து தப்பிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"இஞ்சின் சத்தம், குண்டுச் சத்தம்" என்றார். "அதுக்கு நடுவுல, கதவை ஏத்திப் பின்னால வந்துக்கிட்டிருக்கும்போது, 'ஏறியாச்சேய்'னு ஒரு சத்தம் கேட்டுச்சு. இல்ல, கேட்ட மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் எது நெசம்னு தெரியல."

"திரும்பிப் பாக்கலையா?"

"கயிறு கையில இருந்துச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தார்ச்சட்டியை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். "எந்தம்பி உசுரோட கரையேறுனது தெரிஞ்சுக்கிட்டே அவனுக்குக் கருமாதி பண்ண உக்காந்தீகளா? நீங்கெல்லாம் மனுசனா?" என்று கத்தினேன்.

"மெதுவாப் பேசு. கரையேறுனவன் அதுக்கப்புறம் எத்தன எட்டு வச்சான்னு யாருக்குத் தெரியும்? சண்டை முடிஞ்சு வருசம் ஓடிப்போச்சு. பிடிபட்டவகளையெல்லாம் விட்டாச்சு. வர வேண்டியவக வந்துட்டாக. எங்காதுல விழுந்ததை நான் சொல்லியிருந்தா அத்தை என்ன பண்ணும்? சாகுற வரைக்கும் ஆத்தங்கரையில உக்காந்திருக்கும். அந்தப் பிள்ளையையும் பக்கத்துல உக்கார வச்சுக்கும். அதுக்குத்தான் வாயைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். பொய் சொல்லவும் வாய் வரல, நெசம் சொல்லவும் வாய் வரல. கடைசியில அத்தை கயித்தப் பிடிச்சுருச்சு."

நான் அங்கேயே ஆற்றுமணலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேன். கருமாதி வீட்டில் எனக்கு வராத அழுகை அங்கே வந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்கிட்டச் சொன்னதோட இருக்கட்டும். ஆத்தா காதுல இது விழவே கூடாது" என்றேன். விழவும் இல்லை. ஆத்தா போய்ச் சேர்ந்தே வெகுகாலம் ஆகிறது.

ஆவணிக் கடைசியில் கடமலைக்குண்டில் அந்தப் பெண்ணுக்கு மறு தாலி. ஆத்தா வரவில்லை. தன் கையால் ஒரு புதுச் சேலையைக் கொடுத்தனுப்பினாள். நானும் என் வீட்டுக்காரரும் போனோம். பெண் வீட்டு வாசலில் சின்னதாகப் பந்தல். மேளம் ஒன்றும் பெரிதாக இல்லை. இரண்டாம் கல்யாணத்துக்கு அப்படித்தான். அவள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது. மாப்பிள்ளையும் நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். அவரையும் நான் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்து வைத்துக்கொண்டேன்.

தாலி எடுக்கப் போகிற நேரம். வாசலிலிருந்து பார்த்தால் ஆண்டிபட்டிப் பக்கமிருந்து வருகிற வண்டிப்பாதை நெடுந்தூரம் தெரியும். அந்தப் பாதையில் ஒரு ஆள் வந்துகொண்டிருந்தான். காக்கிச் சட்டை. தலையில் டிரங்குப் பெட்டி. அந்த வருஷமெல்லாம் எந்தப் பாதையைப் பார்த்தாலும் காக்கிச் சட்டைகள்தான், பட்டாளத்தைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அது தெரியும். ஆனாலும் அவன் உயரமும், ஒரு தோளைச் சாய்த்து நடக்கிற நடையும் அப்படியே என் தம்பி! வராதே, ஐயா, இப்போது வராதே, இந்தப் பக்கம் வராதே என்று உள்ளுக்குள் கதறினேன். என் கூடப்பிறந்தவனை, நான் தூக்கி வளர்த்தவனைத்தான் அப்படிச் சொன்னேன்.

அவன் கிட்டத்தில் வந்தான். யாரோ. வருசநாட்டுக்குப் போகிற வழிப்போக்கன். பந்தலைப் பார்த்துவிட்டு, பெட்டியைத் தலையில் சரிசெய்துகொண்டு, தாண்டிப் போய்விட்டான். பின்னால் குலவைச் சத்தம் எழுந்தது.

"அப்பாடா" என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன். யாரோ என் கையைப் பிடித்தார்கள். திரும்பினேன். என் வீட்டுக்காரர். தாலி கட்டுவதை அவரும் பார்க்கவில்லை. அந்த ஆள் போன பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார், முகமெல்லாம் வேர்த்து.